எந்த வருஷத்து மூடுபனி

மூன்றாம் எண் அறைக்கு ஜன்னல் கிடையாது.
சிங்தாவ் துறைமுகத்தில் மூடுபனி இறங்கிவிட்டதா என்பதை
வருகிறவர்களின் தலைமுடியில்தான் பார்த்துக்கொள்வேன்.
லுவான் ஷிபிங் அன்று நனைந்து வந்தார்.
இடது காலில் தோல் பூட்ஸ்,
வலது காலில் மனைவியின் ரப்பர் செருப்பு.

சட்டையைத் தூக்கச் சொன்னேன்.
ஜெல் பட்டதும் வயிறு சிலிர்த்தது.
"மட்டி கழுவுற தண்ணி மாதிரி இருக்கே."
மீன்சந்தைக்குப் பின்னால் கடையாம்.
பீப்பாய் பீரை பிளாஸ்டிக் பையில் பிடித்து
தராசில் நிறுத்து விற்பவர்.
வாங்கியவர்கள் பையை விரலில் கோத்துக்கொண்டு
மீன்குஞ்சு வாங்கிய சிறுவர்கள் போலப்
பத்திரமாக நடந்துபோவார்கள்.
தொட்டுக்கொள்ள மிளகாய் போட்டு வதக்கிய மட்டி.
மிஞ்சினால்?
"மிஞ்சினால் எனக்கு" என்றார்.
"தினமும் மிஞ்சும்."

பதினாறு வருஷத்துச் சர்க்கரை.
ரத்தத்தாளில்
யூரிக் அமிலம் ஐந்நூற்று அறுபத்தெட்டு,
பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.
அம்பு தைத்தது என்னவோ கால் கட்டைவிரலில்.
நடுராத்திரியில் போர்வை உரசினாலும்
அலறுகிற விரல்.

"ஈரல் எனக்கு ஒருநாளும் வலிச்சதில்லையே."

வலிக்காது.
ஊமையின் வழக்கை
உடம்பின் மறுகோடியிலிருந்து
ஒரு விரல் வாதாடிக்கொண்டிருக்கிறது.
அமிலம் முந்தியா கொழுப்பு முந்தியா,
அதை இன்னும் யாரும் தீர்த்துச் சொல்லவில்லை என்பார் டாக்டர் மோ.
சர்க்கரை குடியிருக்கும் வீட்டில்
இரண்டின் கையிலும் ஒரே சாவி என்பார்.
அப்புறம் தன் பானைவயிற்றைத் தடவிக்கொள்வார்.

மூச்சை இழுத்துப் பிடிங்க.

திரையில் ஈரலும் சிறுநீரகமும் அக்கம்பக்கம்.
ஏறக்குறைய ஒரே சாம்பலில் இருக்கவேண்டியவை.
சிறுநீரகம் ஈரக்கல்லாய்க் கறுத்துக் கிடக்கிறது,
ஈரல் வெள்ளை வெளேர்.
என் தொழிலில்
வெளிச்சத்தைக் கண்டு சந்தோஷப்படக்கூடாத இடம் இது.
ஒலி உள்ளே போகப்போகக் களைத்துவிட,
அடியில் தெரியவேண்டிய உதரவிதானக் கோடு
அலைதடுப்புச் சுவர் ஏப்ரலில் கரைவதுபோல்
கரைந்துவிட்டிருந்தது.

விடலாம்.

"எப்படி இருக்கு?"
டாக்டர் சொல்வார் என்றேன். அளப்பவள்தானே நான்.
"என் பொண்ணை இன்னும்
என் நெஞ்சே, என் ஈரலேன்னுதான் கூப்பிடறேன்.
வேற எதையாவது சொல்லிக் கொஞ்சியிருக்கணுமோ?"
துடைத்துக்கொள்ளத் தாள் கொடுத்தேன்.
படத்தில் ஒரு பிரதி கேட்டார்.
யாரும் கேட்பதில்லை. கிழித்துக் கொடுத்தேன்.

ஜூனில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன்:
விலைப்பலகைக்குக் கீழே
நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, அது.
பையை நீட்டிக்கொண்டு நின்ற இருவர்
அதைப்பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.
பழைய படகுத்துறை என்றார் ஒருவர்.
இல்லை, கலங்கரைவிளக்கத்துக் கிழக்குப் பக்கம்,
இந்தக் கறுப்புதான் பாறை என்றார் மற்றவர்.
எந்த வருஷத்து மூடுபனி அய்யா இது?
"இந்த வருஷம்தான்."
லுவான் பீரை நிறுத்தார்.
கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குவளையில்
வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.
மட்டிச்சட்டியை அவர் பார்த்த பார்வையை
நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.
அரைக்கிலோ வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் வந்தார்.
இரண்டு காலிலும் பூட்ஸ். ஒன்றுக்கு மட்டும் கயிறு கட்டவில்லை.
சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார்.
வெயிலில் காய்ந்து
ஈரல், கல், கோடு எல்லாம் போய்
வெறும் மஞ்சள்.
"பனி கூடிக்கிட்டே போகுதுன்னு வாடிக்கைக்காரங்க சொல்றாங்க.
தாளா, நானான்னு தெரியலை.
இன்னொண்ணு எடுங்க."

படுத்தார்.
ஜெல்லை இந்த முறை
உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து பூசினேன்.

மூச்சை இழுத்துப் பிடிங்க என்றேன்.
பிடித்தார்.
தேடுகிறேன், அந்தக் கோட்டை.
அவர் முகம் சிவக்கிறது.
இன்னும் கொஞ்சம் பிடிங்க என்கிறேன்,
இன்னும் கொஞ்சம்.